ஸ்பார்ட்டா ஆள் இல்லாமல் அழிந்த கதை

கேள்வி இதுதான்: "போருக்கென்றே வாழும் சமூகத்தில் கட்டுப்பாடு இருக்கிறது, தியாகம் இருக்கிறது. திறந்த சமூகத்திலோ ஆளுக்கொரு பேச்சு. கடைசியில் ஏதென்ஸை ஸ்பார்ட்டாதானே வீழ்த்தியது? பிறகு எதை வைத்துத் திறந்த சமூகம்தான் நெடுங்காலம் நிலைக்கும் என்கிறார்கள்?"

நியாயமான கேள்வி. ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் பழைய கிரேக்கத்தின் இரண்டு பெரிய நகர அரசுகள். கி.மு. 404-ல் ஏதென்ஸ் ஸ்பார்ட்டாவிடம் சரணடைந்தது. இருபத்தேழு ஆண்டு நீண்ட போர் அது. ஏதென்ஸின் மதில்களைக் குழல் வாசிக்கும் பெண்களின் இசையோடு இடித்தார்கள் என்று அக்காலக் கிரேக்க வரலாற்றாசிரியர் செனபோன் எழுதியிருக்கிறார். கிரேக்கத்துக்கு அன்றுதான் விடுதலை பிறந்தது என்று இடித்தவர்கள் நம்பினார்களாம். அந்த நாளோடு கதையை நிறுத்தினால் கேள்வி கேட்டவர் சொல்வது முழுக்கச் சரி.

ஆனால் அந்த நாளுக்குப் பிறகு 33 ஆண்டுகள்தான். கி.மு. 371-ல் லியூக்ட்ரா என்ற இடத்தில் தீப்ஸ் நகரத்துப் படை ஒரே பகலில் ஸ்பார்ட்டாவை உடைத்தது. ஸ்பார்ட்டா அதிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. ஏதென்ஸ் தன் பெரும்போரில் தோற்றும் எழுந்தது, ஸ்பார்ட்டா ஜெயித்தும் விழுந்தது. ஏன் என்று பார்த்தால் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு சமூகத்தின் ஆயுளை அதன் படையை வைத்துக் கணக்கிட முடியாது. வெளியாள் உள்ளே வந்து நம்மவனாக ஆக முடியுமா, தப்பான முடிவைத் தப்பு என்று ஒருவன் எழுந்து நின்று சொல்ல முடியுமா, இந்த இரண்டையும்தான் பார்க்க வேண்டும்.

முதலில் ஸ்பார்ட்டா. எடுத்த எடுப்பில் அது ஒரு படைமுகாமாகப் பிறக்கவில்லை. கி.மு. 7-ஆம் நூற்றாண்டில் அங்கே அல்க்மான் என்ற கவிஞர் இளம்பெண்கள் சேர்ந்து பாடுவதற்கான பாடல்களை எழுதினார். அடுத்த நூற்றாண்டில் ஸ்பார்ட்டா பகுதியின் மட்பாண்டங்களும் வெண்கல வேலைப்பாடுகளும் கடல் கடந்து போயின. பிறகு அந்தக் கைவேலை மங்கிவிட்டது. பக்கத்து மெசீனியாவைப் பிடித்து, அங்கிருந்த மக்களை ஹெலட்டுகள் என்ற பண்ணையடிமைகளாக ஆக்கிய பிறகு, அவர்களை அடக்கி வைப்பதே ஸ்பார்ட்டாவின் முழுநேர வேலையாகிப்போனது.

ஹெலட்டுகள் உழுதார்கள், ஸ்பார்ட்டன் போர்ப்பயிற்சி செய்தான். ஏழு வயதில் பையனை வீட்டிலிருந்து பிரித்துக் கூட்டாக வளர்ப்பார்கள். கல்யாணம் ஆனாலும் முப்பது வயது வரை சக வீரர்களோடுதான் தங்க வேண்டும். சாப்பாடு பொதுப் பந்தியில். பந்திக்கு ஒவ்வொருவரும் மாதாமாதம் பார்லி, திராட்சை மது, பாலாடைக்கட்டி, அத்திப்பழம் என்று தன் பங்கைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்க முடியாமல் போனால் குடியுரிமையே போய்விடும். மனிதன் அதே மனிதன்தான், அதே பயிற்சி பெற்றவன்தான். ஆனால் நிலம் கைவிட்டுப் போய்ப் பங்கு கட்ட முடியவில்லை என்பதற்காக அவன் 'தாழ்ந்தவர்கள்' வரிசையில் சேர்ந்துவிடுவான்.

ஸ்பார்ட்டாவைக் கொன்றது இந்த இடம்தான் என்று நான் நினைக்கிறேன். குடிமக்கள் வட்டத்திலிருந்து வெளியே போக வழி இருந்தது, உள்ளே வர வழி இல்லை. கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் ஒரு சேதி சொல்கிறார். டிசாமெனஸ் என்ற எலிஸ் நாட்டுக் குறிசொல்பவருக்கும் அவருடைய தம்பிக்கும் ஸ்பார்ட்டா குடியுரிமை கொடுத்தது. உலகத்திலேயே ஸ்பார்ட்டாவின் குடிமகனாக ஆன வெளியாட்கள் இந்த இரண்டே பேர்தான் என்கிறார் அவர். அதுவும் டிசாமெனஸ் பிடிவாதமாகக் கேட்டதால், பாரசீகப் படையெடுப்புக்குப் பயந்து கொடுத்தது.

விளைவு எண்ணிக்கையில் தெரிகிறது. கி.மு. 480-ல் பாரசீக அரசன் செர்க்சஸ் படையெடுத்து வந்தபோது ஸ்பார்ட்டாவில் ஏறக்குறைய 8,000 ஆண்கள் இருந்ததாக ஹெரோடோட்டஸின் கணக்கு. அடுத்த ஆண்டு பிளாட்டேயா போருக்கு 5,000 பேர் போனார்கள். கி.மு. 464 வாக்கில் ஒரு பெரிய நிலநடுக்கம், அதோடு சேர்ந்து ஹெலட்டுகளின் கிளர்ச்சி. கி.மு. 425-ல் ஸ்பாக்டீரியா என்ற சின்னத் தீவில் ஏதென்ஸ்காரர்கள் 292 பேரை உயிரோடு பிடித்தபோது, அதில் முழு உரிமை பெற்ற ஸ்பார்ட்டர்கள் சுமார் 120 பேர்தான். அந்த 120 பேரை மீட்பதற்காகத் திரும்பத் திரும்பத் தூது அனுப்பியது, கிரேக்கம் முழுவதும் நடுங்கிய அந்த அரசு. லியூக்ட்ராவில் களத்தில் இருந்த முழு உரிமை பெற்ற ஸ்பார்ட்டர்கள் 700 பேர், அவர்களில் செத்தவர்கள் 400 பேர். இன்னும் நூறாண்டுக்கு மேல் கழித்து, கி.மு. 3-ஆம் நூற்றாண்டின் நடுவில், மொத்தம் 700 பேர் மிஞ்சியிருந்தார்கள் என்றும் அவர்களிலும் நிலம் வைத்திருந்தவர்கள் 100 பேர் மட்டுமே என்றும் புளூட்டார்க் எழுதுகிறார்.

அரிஸ்டாட்டில் இதை நேரடியாகவே சொல்லிவிட்டார். 1,500 குதிரைவீரர்களையும் 30,000 காலாட்களையும் தாங்கக்கூடிய நாடு, ஆயிரம் பேருக்கும் கீழே போனது. ஒரே ஒரு அடியைத் தாங்க முடியாமல், ஆள் இல்லாமல் அழிந்தது என்கிறார். சிலரிடமே நிலம் குவிந்ததையும் அவர் காரணமாகச் சொல்கிறார். கவனியுங்கள், வீரம் குறைந்தது என்று அவர் சொல்லவில்லை.

ஆள் இல்லை என்பதும் உண்மையில் சரியான சொல் அல்ல. ஆள் நிறையவே இருந்தார்கள், குடிமக்களாக எண்ணப்படவில்லை, அவ்வளவுதான். இதைக் காட்ட கினாடோன் கதையைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. லியூக்ட்ராவுக்கு ஒரு தலைமுறை முன்னால், ஸ்பார்ட்டா வெற்றியின் உச்சியில் இருந்த நேரம். கினாடோன் என்ற இளைஞன், முழு உரிமை இல்லாதவன், ரகசியமாக ஒரு கலகத்துக்கு ஆள் திரட்டினான். ஒருவனைச் சந்தைவெளிக்குக் கூட்டிப்போய், இங்கே எத்தனை ஸ்பார்ட்டர்கள் இருக்கிறார்கள், எண்ணிப்பார் என்றான். அரசன், அதிகாரிகள், மூப்பர்கள் எல்லோரையும் சேர்த்து நாற்பது பேர் தேறினார்கள். அந்த நாற்பது பேரை எதிரியாக நினை, மிச்சமிருக்கும் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை நம் ஆளாக நினை என்றான். ஹெலட்டுகளும் உரிமை இழந்தவர்களும் சுற்றுப்புற ஊர்க்காரர்களும் ஸ்பார்ட்டர்களைப் பச்சையாகவே தின்னத் தயாராக இருக்கிறார்கள் என்று அவன் சொன்னதாகச் செனபோன் பதிவு செய்கிறார். கூட்டாளி ஒருவன் காட்டிக்கொடுத்ததில் கினாடோன் பிடிபட்டான். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு, ஸ்பார்ட்டாவில் யாருக்கும் தாழ்ந்தவனாக இருக்கக்கூடாது என்பதற்காக என்று பதில் சொன்னான். கழுத்தையும் கைகளையும் கட்டி, சாட்டையால் அடித்தும் ஈட்டியால் குத்தியும் ஊரைச் சுற்றி இழுத்துப் போனார்கள். அவன் ஏன் அப்படி நினைத்தான் என்று ஸ்பார்ட்டா யோசித்ததாகத் தெரியவில்லை.

ஹெலட்டுகள் விஷயம் இதைவிடக் கொடுமை. ஆண்டுதோறும் பதவிக்கு வரும் எஃபோர் என்ற அதிகாரிகள் முதல் வேலையாக ஹெலட்டுகள்மேல் முறைப்படி போர் அறிவிப்பார்கள், அவர்களைக் கொன்றால் பாவமாகாது என்பதற்காக. போரில் நன்றாக உழைத்தவர்கள் முன்னே வாருங்கள், விடுதலை தருகிறோம் என்று ஒருமுறை அழைத்தார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட சுமார் 2,000 பேர் தலையில் மாலை சூடிக் கோயில்களைச் சுற்றி வந்தார்கள். கொஞ்ச நாளில் அவர்கள் அத்தனை பேரும் காணாமல் போனார்கள். எப்படிச் செத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது என்கிறார் துசிடிடீஸ். துணிச்சலோடு முன்னே வந்த மனிதனையே முதலில் கொல்ல வேண்டும் என்று ஓர் அரசு கணக்குப் போட்டால், அந்த அரசின் படை யாருக்கு எதிராக நிற்கிறது?

லியூக்ட்ராவுக்குப் பிறகு எல்லாம் சேர்ந்து வந்தது. களத்தில் பின்வாங்கி ஓடியவர்களின் குடியுரிமையைப் பறிக்க வேண்டும் என்பது பழைய சட்டம். அப்படிச் செய்தால் நாட்டில் ஆளே மிஞ்சாது. இன்று ஒருநாள் சட்டம் தூங்கட்டும் என்று அரசன் அகெசிலாஸ் சொன்னதாகப் புளூட்டார்க் எழுதுகிறார். அடுத்த ஆண்டுக் குளிர்காலத்தில் தீப்ஸ் தளபதி எபமினோண்டாஸ் ஸ்பார்ட்டாவின் மண்ணுக்குள்ளேயே வந்துவிட்டார். எதிரி பற்றவைத்த தீயின் புகையை ஸ்பார்ட்டப் பெண்கள் முதல்முறையாகப் பார்த்தார்கள். ஊருக்கு மதில் கிடையாது, வீரர்களே மதில் என்பது அவர்கள் பெருமை. ஆயுதம் எடுக்கும் ஹெலட்டுகளுக்கு விடுதலை என்று அறிவித்ததும் 6,000 பேருக்கு மேல் பெயர் கொடுத்தார்கள். கூட்டத்தைப் பார்த்து ஸ்பார்ட்டர்களுக்கே பயம் வந்துவிட்டது. நகரம் தப்பித்தது, ஆனால் மெசீனியா போய்விட்டது. எபமினோண்டாஸ் அங்கே மெசீனி என்ற புது நகரத்தை நிறுவி, தலைமுறை தலைமுறையாக அடிமைகளாக இருந்தவர்களைக் குடிமக்களாக்கினார். ஸ்பார்ட்டர்களுக்குச் சோறு போட்ட நிலத்தில் பெரும்பகுதி ஒரே அடியில் கைமாறிவிட்டது.

சரி, ஏதென்ஸ் என்ன ஒழுங்கு? இதை மறைக்காமல் பேச வேண்டும். ஏதென்ஸிலும் அடிமைகள் ஏராளம், பெண்களுக்கு வாக்கு இல்லை. கி.மு. 451-ல் பெரிக்ளிஸ் கொண்டுவந்த சட்டப்படி தாய், தந்தை இருவரும் ஏதென்ஸ்காரர்களாக இருந்தால்தான் பிள்ளை குடிமகன். கி.மு. 416-ல் மெலோஸ் தீவைப் பிடித்து, ஆண்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் விற்றார்கள். அடுத்த ஆண்டே சிசிலிக்குப் படை அனுப்பி இரண்டு ஆண்டில் அதை முழுவதும் தொலைத்தார்கள். இவை எல்லாம் மக்கள் சபை கூடி எடுத்த முடிவுகள்.

ஆனால் ஏதென்ஸிடம் ஸ்பார்ட்டாவுக்கு இல்லாத ஒன்று இருந்தது. கி.மு. 427-ல் மிட்டிலீன் நகரம் கலகம் செய்து தோற்றது. அந்த ஊர் ஆண்கள் எல்லோரையும் கொல்லச் சபை தீர்மானித்து, கப்பலில் கட்டளையும் போய்விட்டது. மறுநாள் காலையில் மக்களுக்கு மனசு உறுத்தியது. மறுபடி சபை கூட்டினார்கள். கொல்லத்தான் வேண்டும் என்று கிளியோன் பேசினார், வேண்டாம் என்று டியோடோட்டஸ் பேசினார். கைகளை எண்ணினால் ஏறக்குறையச் சமம், மயிரிழையில் வேண்டாம் என்ற பக்கம் ஜெயித்தது. இரண்டாவது கப்பல் கிளம்பியது. துடுப்புப் போட்டவர்கள் பார்லி மாவை மதுவிலும் எண்ணெயிலும் பிசைந்து, துடுப்பை விடாமலே சாப்பிட்டு, முறை வைத்துத் தூங்கி, முதல் கட்டளை படிக்கப்பட்ட நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். அப்படியும் கலகத்துக்குக் காரணமானவர்கள் என்று ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கொன்றார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் நேற்று எடுத்த முடிவை இன்று எல்லோர் முன்னாலும் திருப்ப ஒரு வழி அங்கே இருந்தது.

இதன் பெரிய பயன் தோல்விக்குப் பிறகு தெரிந்தது. 404-ல் ஸ்பார்ட்டாவின் ஆதரவோடு முப்பது பேர் ஏதென்ஸின் ஆட்சியைப் பிடித்தார்கள். சில மாதங்களில் சுமார் 1,500 பேரைக் கொன்றார்கள். திராசிபுலஸ் தலைமையில் நாடுகடந்த ஜனநாயகவாதிகள் திரும்பி வந்து சண்டையிட, 403-ல் ஜனநாயகம் மீண்டது. எல்லோரும் பழிவாங்கலை எதிர்பார்த்திருப்பார்கள். பழைய தீங்குகளை மனதில் வைக்கமாட்டோம் என்று அவர்கள் சத்தியம் செய்தார்கள். முப்பது பேருக்கும் அவர்களுடைய நெருங்கிய அதிகாரிகளுக்கும் மட்டும் அந்தச் சத்தியம் பொருந்தாது. அது மட்டுமில்லை, ஜனநாயகவாதிகளை ஒடுக்குவதற்காக எதிர்த்தரப்பு ஸ்பார்ட்டாவிடம் வாங்கிய கடனைக்கூட இரண்டு தரப்பும் சேர்ந்து பொதுப்பணத்திலிருந்தே கட்டினார்கள். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான், எத்தனை தடவை படித்தாலும் மனசு நெகிழ்கிறது. தன்னைக் கொல்ல வாங்கிய கடனை ஒரு ஊர் சேர்ந்து அடைத்தது. அடுத்த 80 ஆண்டு ஏதென்ஸின் ஜனநாயகம் அந்த அடித்தளத்தின்மேல்தான் நின்றது. 403-க்கு நான்கு ஆண்டு கழித்து அதே ஏதென்ஸ் சாக்ரடீஸுக்கு விஷம் கொடுத்தது என்பதும் அந்தக் கணக்கில் சேரும்.

இப்போது ஒரு எதிர்க்கணக்கு. வெறும் ஆண்டுகளை எண்ணினால் ஸ்பார்ட்டாதான் ஜெயிக்கும். நானூறு ஆண்டுக்கு மேலாக ஒரே அரசமைப்பு என்று துசிடிடீஸ் தன் காலத்திலேயே அதைப் பாராட்டுகிறார். ஏதென்ஸ் ஜனநாயகமோ கி.மு. 508 வாக்கில் தொடங்கி, 322-ல் மாசிடோனியர்கள் அடக்கும்வரை 186 ஆண்டுதான், அதிலும் இரண்டு தடவை கவிழ்ந்து எழுந்தது. ஆகவே திறந்தது எப்போதும் அதிக ஆண்டு வாழும் என்று ஒரு விதி போட முடியாது. இறுகிய அமைப்பு மாறாமல் நெடுநாள் நிற்கும், முதல் பெரிய அடி விழும்வரை. அடி விழுந்த பிறகு யார் எழுந்தார்கள் என்பதே எனக்கு முக்கியமான அளவுகோல்.

அப்புறம், இந்த இரண்டு நகரங்களையும் விஞ்சிய மூன்றாவது ஒன்று இருக்கிறது. ரோம். கேள்வி கேட்டவர் இதை எடுத்திருந்தால் வாதம் இன்னும் பலமாக இருந்திருக்கும், ஏனென்றால் ரோமைப் போலப் போரிலேயே கிடந்த குடியரசு வேறு இல்லை. அமைதிக் காலத்தில் மட்டும் மூடப்படும் ஜானஸ் கோயில் கதவு, நகரம் தோன்றியதிலிருந்து தான் பிறக்கும்வரை இரண்டே தடவைதான் மூடப்பட்டது என்று ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸ் எழுதிவைத்தார். திறந்த சமூகம் வாழும், ராணுவச் சமூகம் சாகும் என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் ரோம் அதைப் பொய்யாக்கிவிடும்.

ஆனால் ரோம் ஸ்பார்ட்டா செய்யாததைச் செய்தது. விடுதலையான அடிமை குடிமகனானான், அவன் பிள்ளை முழு உரிமையோடு வளர்ந்தான். தோற்கடித்த ஊர்களுக்குப் படிப்படியாகக் குடியுரிமை கொடுத்தது. இதை ரோமின் எதிரியே கவனித்திருக்கிறார். கி.மு. 214-ல் மாசிடோனிய அரசன் ஐந்தாம் பிலிப், லாரிசா நகரத்தாருக்கு எழுதிய கடிதம் கல்வெட்டாகக் கிடைத்திருக்கிறது. ரோமர்களைப் பாருங்கள், அடிமையை விடுவித்தால்கூடக் குடிமகனாக்கிப் பதவியிலும் பங்கு தருகிறார்கள், அதனால்தான் ஏறக்குறைய எழுபது இடங்களில் குடியேற்றம் அமைக்க முடிந்தது என்கிறார் அதில். அதற்கு இரண்டு ஆண்டு முன்புதான் கன்னே போரில் கார்த்தேஜ் தளபதி ஹன்னிபால் ரோமின் படையைச் சூழ்ந்து அழித்திருந்தார். குறைந்த கணக்குப்படியே செத்தவர்கள் நாற்பதாயிரத்துக்கு மேல். லியூக்ட்ராவில் 400 பேரை இழந்த ஸ்பார்ட்டா முடிந்தது, அதைப்போல நூறு மடங்கு இழந்த ரோம் மறுபடி மறுபடி படை திரட்டிக் கடைசியில் ஜெயித்தது. காப்புவா போன்ற சில ஊர்கள் ஹன்னிபால் பக்கம் போனாலும் லத்தீன் குடியேற்ற நகரங்கள் ரோமை விட்டுப் போகவில்லை.

ரோமும் இடையில் கதவைச் சாத்தப் பார்த்தது. குடியுரிமை மறுக்கப்பட்ட இத்தாலிய நேசநாடுகள் கி.மு. 91-ல் ஆயுதம் எடுத்தன. பெரும் ரத்தச்சேதத்துக்கு நடுவில், அடுத்த ஆண்டே ரோம் குடியுரிமை கொடுக்கத் தொடங்கியது. பின்னாளில், கி.பி. 48-ல், கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டுப் பிரமுகர்களைச் செனட்டில் சேர்க்கக்கூடாது என்று சிலர் எதிர்த்தபோது பேரரசன் கிளாடியஸ் எழுந்து பேசினார். ஆயுதபலம் இருந்தும் ஸ்பார்ட்டாவும் ஏதென்ஸும் அழிந்தது வேறு எதனால், தங்களிடம் தோற்றவர்களை அந்நியர்கள் என்று ஒதுக்கி வைத்ததால்தானே என்று அவர் கேட்டதாக டாசிடஸ் எழுதுகிறார். அந்தப் பேச்சின் ஒரு பகுதி பொறித்த வெண்கலத் தகடு 1528-ல் லியோன் நகரத்தில் கிடைத்தது. நம் கேள்விக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே ஒருவர், அதுவும் ஒரு பேரரசர், பதில் சொல்லியிருக்கிறார்.

அண்மைக் காலத்தைச் சுருக்கமாகவே தொடுகிறேன். 1940 பிப்ரவரியில் ஜப்பான் நாடாளுமன்றத்தில் சைட்டோ தகாவோ என்ற உறுப்பினர், சீனப் போரின் நோக்கம் என்ன, எப்போது முடியும் என்று கேட்டார். மார்ச்சில் அவரை அவையிலிருந்தே வெளியேற்றினார்கள். மறு ஆண்டு அமெரிக்காவில் ராணுவச் செலவில் வீண் நடக்கிறதா என்று விசாரிக்க ட்ரூமன் என்ற செனட்டர் தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள், போர் முடியும்வரை அது குடைந்துகொண்டே இருந்தது. அதே அமெரிக்கா சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தது, 1988-ல்தான் சட்டம் இயற்றி மன்னிப்புக் கேட்டது. நாற்பது ஆண்டுக்கு மேல் தாமதம், ஆனாலும் கேட்டது. திறந்த சமூகம் தானாகத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் என்றும் யாரும் நம்ப வேண்டாம். ஜெர்மனியின் வைமார் குடியரசு சுமார் 14 ஆண்டுதான் நின்றது. கதவைத் திறந்து வைப்பதில் நம்பிக்கை உள்ளவர்கள் அங்கே போதுமான அளவில் மிஞ்சவில்லை.

கடைசியாக, ஸ்பார்ட்டாவும் ஏதென்ஸும் ரோமின் கீழே வந்த பிறகு என்ன ஆயின என்பது. இரண்டும் அதிகாரம் இழந்த சின்ன ஊர்கள்தான். ஏதென்ஸுக்குப் பிள்ளைகளைப் படிக்க அனுப்பினார்கள், ரோமின் புகழ்பெற்ற பேச்சாளர் சிசெரோவின் மகனும் அங்கேதான் படித்தான். ஸ்பார்ட்டாவில் ஆர்ட்டெமிஸ் கோயில் பலிபீடத்தின் முன்னால் பையன்களைச் சாட்டையால் அடிப்பார்கள், அவர்கள் வாய்விட்டு அழாமல் நிற்க வேண்டும். பழைய பயிற்சியில் அந்தச் சடங்கு மட்டும் தங்கிவிட்டது. அதைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வந்தார்கள். கி.பி. 3-ஆம் நூற்றாண்டில், அவர்கள் உட்கார்ந்து பார்ப்பதற்காகப் பலிபீடத்தைச் சுற்றிக் கல்லால் ஒரு அரங்கமே கட்டினார்கள்.